வானை அளந்த வேந்தர்

நுழையும் முன்

புதுதில்லியில் பட்டேல் சௌக் மெட்ரோ நிலையத்திலிருந்து கன்னாட் பிளேஸ் நோக்கிச் செல்லும் வழியில், செந்நிறம் பூசிய விந்தையான கட்டடங்கள் சில நிற்கின்றன. அவற்றுள் ஒன்றில் நீண்ட படிக்கட்டு உண்டு. ஆனால் அது எந்த அறைக்கும் இட்டுச் செல்வதில்லை. மற்றொன்றில் வட்டமான உயர்ந்த சுவர்கள் உண்டு. ஆனால் மேலே கூரை இல்லை. இவை அரண்மனையும் அல்ல, கோயிலும் அல்ல, கோட்டையும் அல்ல. வானத்தை அளப்பதற்காகக் கல்லாலும் சுண்ணாம்பாலும் எழுப்பப்பட்ட கருவிகள் இவை. யந்திரம் என்னும் சொல்லே மக்கள் வழக்கில் ஜந்தர் எனத் திரிந்தது. ஜந்தர் மந்தர் என்று அழைக்கப்படும் இக்கருவித் தொகுதியை அமைத்தவர் ஒரு மன்னர். அவருடைய வரலாற்றை இப்பாடம் கூறுகிறது.

இளமையும் அரியணையும்

இராசபுதனத்தின் ஆம்பேர் நாட்டில் 1688ஆம் ஆண்டு நவம்பர் திங்கள் 3ஆம் நாள் ஜெய்சிங் பிறந்தார். தந்தை பிஷன் சிங் மறைந்தபோது ஜெய்சிங்குக்கு வயது பதினொன்று. விளையாட வேண்டிய பருவத்தில் அரியணை அவரைத் தேடி வந்தது. அக்காலத்தில் ஆம்பேர் முகலாயப் பேரரசுக்கு உட்பட்டிருந்தது. சிறுவனாகிய மன்னரின் கூர்த்த மதியைக் கண்ட பேரரசர் ஔரங்கசீப், அவருக்குச் சவாய் என்னும் பட்டம் அளித்தார் என்பர். சவாய் என்றால் ஒன்றேகால். பிறர் ஒருவர் என்றால், இவர் ஒருவருக்கும் கால் பங்கு மிகுந்தவர் என்பது அப்பட்டத்தின் பொருள். அதனால் அவர் சவாய் ஜெய்சிங் எனப் பெயர் பெற்றார்.

பட்டம் இனிதாயிருந்தும் பாதை இனிதாயில்லை. 1707ஆம் ஆண்டு ஔரங்கசீப் மறைந்தவுடன் அவருடைய மைந்தர்களிடையே அரியணைப் போர் மூண்டது. ஜெய்சிங் சேர்ந்திருந்த பக்கம் தோற்றது. வெற்றி பெற்ற பகதூர் ஷா ஆம்பேரைத் தம் கைக்குள் கொண்டுவந்தார். பத்தொன்பது வயதில் நாட்டை இழந்த ஜெய்சிங், அடுத்த ஆண்டே அதனை மீட்டார். பின்னர் ஆக்ராவிலும் மாளவத்திலும் பேரரசின் ஆளுநராகப் பணியாற்றினார். போரும் அரசியலும் ஓயாத அவ்வாழ்வின் நடுவே, இளமை முதல் அவரை விட்டு நீங்காதிருந்த ஆர்வம் ஒன்றே. அது கணிதமும் வானியலும் ஆகும்.

ஏடு ஒன்று, வானம் ஒன்று

வானியலார் கோள்களின் இருப்பிடத்தை முன்கூட்டியே கணித்து அட்டவணைகளாக எழுதி வைப்பர். பஞ்சாங்கம் கணிப்பதற்கும், கிரகணத்தை அறிவதற்கும், திருவிழா நாள்களைக் குறிப்பதற்கும் அவ்வட்டவணைகளே அடிப்படை. ஜெய்சிங் அவற்றைக் கற்றதோடு நின்றுவிடவில்லை. இரவில் வானத்தையும் நோக்கினார். ஏட்டில் குறித்த இடம் ஒன்றாக இருந்தது. வானத்தில் கோள் நின்ற இடம் வேறாக இருந்தது. இந்திய நூல்களாயினும், சமர்கந்து நகரில் உலுக் பேக் என்னும் அரசர் அமைத்த அட்டவணையாயினும் இக்குறை காணப்பட்டது.

இது ஆசிரியர்களின் அறியாமையால் நேர்ந்தது அன்று. கணக்கில் உள்ள மிகச் சிறிய பிழை ஆண்டுதோறும் சேர்ந்து சேர்ந்து, பல நூற்றாண்டுகளுக்குப் பின் பெரும் பிழையாக வளரும். அதனைத் திருத்த ஒரே வழி, வானத்தை மீண்டும் புதிதாக அளப்பதுதான்.

அப்போது தில்லியில் பேரரசராக இருந்தவர் முகம்மது ஷா. புறப்பாட்டுக்கு உரிய நல்ல நேரம் எது என்பதில் அவையிலிருந்த அறிஞர்கள் உடன்படாது வாதிட்டனர் என்றும், அதனைக் கண்ட ஜெய்சிங் அட்டவணைகளைத் திருத்தும் பணியை மேற்கொண்டார் என்றும் கூறுவர். ஜெய்சிங் தம் கருத்தைப் பேரரசரிடம் எடுத்துரைக்க, அவரும் இசைவு தந்தார்.

பித்தளையும் கல்லும்

முதலில் ஜெய்சிங் முன்னோர் நூல்களில் கண்டவாறு பித்தளைக் கருவிகளைச் செய்வித்தார். அவை மனநிறைவு தரவில்லை. கருவி சிறிதாயிருந்ததால் அதன் விளிம்பில் பாகையின் நுண்பகுதிகளைக் குறிக்க இடமில்லை. அச்சு தேய்ந்து ஆடியது. மையம் இடம் பெயர்ந்தது. கருவியின் தளம் சாய்ந்தது. இவற்றுள் ஏதேனும் ஒன்று நேர்ந்தாலும் அளவு பிழைபடும்.

ஆதலின் அவர் ஒரு முடிவுக்கு வந்தார். கருவி அசையக் கூடாது, தேயக் கூடாது, நுண்ணிய கோடுகளைத் தாங்கும் அளவுக்குப் பெரிதாயிருக்க வேண்டும். இம்மூன்றுக்கும் ஏற்றது கட்டடமே. இவ்வாறு, கையில் எடுத்துச் செல்லும் கருவி, மனிதர் ஏறி உள்ளே நடந்து செல்லும் கருவியாக மாறியது. 1724ஆம் ஆண்டில் தில்லி வானோக்கு நிலையம் உருவானது.

ஏற்றக்கோணம் என்பது யாது?

இக்கருவிகளின் பயனை அறிய ஏற்றக்கோணம் என்னும் சொல்லின் பொருளை அறிதல் வேண்டும். ஒருவர் அடிவானத்தை நேராக நோக்குகிறார். பின்னர்த் தலையை உயர்த்தி ஒரு விண்மீனை நோக்குகிறார். இவ்விரு பார்வைக் கோடுகளுக்கும் இடையிலுள்ள கோணமே அவ்விண்மீனின் ஏற்றக்கோணம். அடிவானத்தில் உள்ள பொருளின் ஏற்றக்கோணம் 0 பாகை. தலைக்கு நேர் உச்சியில் உள்ள பொருளின் ஏற்றக்கோணம் 90 பாகை.

இக்கோணம் பயணிக்கு வழி காட்டும். துருவ விண்மீனின் ஏற்றக்கோணம் ஏறக்குறைய அவ்வூரின் அட்சரேகை அளவே ஆகும். கன்னியாகுமரியில் அது 8 பாகை உயரத்தில் தாழ்ந்து நிற்கும். சென்னையில் 13 பாகை. தில்லியில் 28 பாகைக்கும் மேல். சென்னையில் தொடர்வண்டி ஏறித் தில்லியில் இறங்குபவருக்குத் துருவ விண்மீன் 15 பாகைக்கு மேல் உயர்ந்திருக்கும். இந்தியப் பெருங்கடலில் சென்ற மாலுமிகள், முடிச்சிட்ட கயிறு கோத்த கமால் என்னும் சிறு பலகையால் இக்கோணத்தை அளந்தே தம் இருப்பிடத்தை அறிந்தனர்.

இராம யந்திரம்

தில்லியில் ஏற்றக்கோணத்தை அளப்பதற்கென்றே அமைந்தது இராம யந்திரம். வட்டமான சுவர், நடுவில் ஒரு தூண். சுவரின் உயரமும், தூணின் உயரமும், தூணிலிருந்து சுவர் வரையுள்ள தரையின் நீளமும் சமமாக அமைக்கப்பட்டன. இச்சமன்பாட்டில்தான் கருவியின் நுட்பம் அடங்கியுள்ளது.

கதிரவன் அடிவானத்தில் தோன்றும்போது தூணின் உச்சி நிழல் சுவரின் மேல் விளிம்பில் விழும். கதிரவன் ஏற ஏற நிழல் சுவரில் இறங்கும். ஏற்றக்கோணம் 45 பாகை ஆகும்போது, உச்சி நிழல் சுவரும் தரையும் கூடும் இடத்தைத் தொடும். அதற்கு மேல் கதிரவன் உயர்ந்தால் நிழல் தரையில் தூணை நோக்கி நகரும். சுவரிலும் தரையிலும் பொறித்த கோடுகளைப் பார்த்தவுடன் கோணத்தைப் படித்துவிடலாம். நிழல் எத்திசையில் விழுகிறது என்பதைக் கொண்டு கதிரவனின் திசையையும் அறியலாம்.

இரவில் விண்மீன்கள் நிழல் தருவதில்லை. ஆகவே நோக்குபவர் தம் கண்ணைத் தரையின் கோடுகளுக்கு அருகே கொண்டு சென்று, தூணின் உச்சியும் விண்மீனும் ஒரே நேர்கோட்டில் அமையும் இடத்தைத் தேடுவார். அவர் நடமாடுவதற்காகவே தரை முழுவதும் மூடப்படாமல் இடையிடையே வெளி விடப்பட்டது. அளவுக்கோடுகள் இல்லாத அவ்வெளியில் விண்மீன் அமைந்தால் என் செய்வது? அதற்காகவே அருகில் இரண்டாவது வட்டக் கட்டடம் எழுப்பப்பட்டது. முதற்கட்டடத்தில் வெளியாக உள்ள இடம், இரண்டாவதில் தரையாக இருக்கும். இரண்டும் சேர்ந்தே ஒரு கருவி.

உச்சிப்பொழுதின் கதை

தில்லியில் உச்சிப்பொழுதில் கதிரவனின் ஏற்றக்கோணம் ஆண்டு முழுவதும் ஒன்றாக இராது. ஜூன் 21ஐ ஒட்டி அது ஏறத்தாழ 85 பாகை. மார்ச்சு, செப்டம்பர்த் திங்கள்களில் பகலும் இரவும் சமமாகும் நாள்களில் 61 பாகை. டிசம்பர் 22ஐ ஒட்டி 38 பாகை மட்டுமே. எனவே டிசம்பர்க் குளிரில் இராம யந்திரத்துத் தூணின் உச்சி நிழல் நாள் முழுவதும் சுவரிலேயே நின்றுவிடும்; தரைக்கு இறங்காது. ஒரு மீட்டர் உயரமுள்ள கோலை நட்டால், அன்று உச்சிப்பொழுதின் நிழல் ஏறத்தாழ 128 செ.மீ. நீளம் இருக்கும், ஜூனிலோ 9 செ.மீ. மட்டுமே.

தில்லியில் கதிரவன் ஒருநாளும் தலைக்கு நேர் உச்சியில் வருவதில்லை. நண்பகல் நிழல் எந்நாளும் வடக்கு நோக்கியே விழும். தமிழ்நாட்டிலோ ஆண்டில் இரு நாள்கள் கதிரவன் நேர் உச்சிக்கு வரும். சென்னையில் ஜூன் மாத நண்பகல் நிழல் தெற்கு நோக்கி விழும். ஒரே கதிரவனாயினும் ஊருக்கு ஊர் நிழல் வேறுபடும். அவ்வேறுபாட்டை அளந்தே நிலவுலகின் அளவையும் சாய்வையும் அறிஞர் அறிந்தனர்.

சாம்ராட் யந்திரம்

தில்லி நிலையத்தில் யாவரினும் உயர்ந்து நிற்பது சாம்ராட் யந்திரம். இது ஏறத்தாழ 21 மீட்டர் உயரமுள்ள நிழற்கடிகாரம். செங்கோண முக்கோண வடிவில் அமைந்த இதன் சாய்ந்த சுவர், தில்லியின் அட்சரேகைக்கு ஒத்த கோணத்தில் சாய்ந்து, நிலவுலகின் அச்சுக்கு இணையாகத் துருவ விண்மீனை நோக்குகிறது. இருபுறமும் வளைந்த கற்சிறகுகள் உள்ளன. முற்பகலில் மேற்குச் சிறகிலும் பிற்பகலில் கிழக்குச் சிறகிலும் சுவரின் நிழல் விழுந்து நேரத்தைக் காட்டும். இதே வகையில் பின்னர் ஜெய்ப்பூரில் கட்டிய 27 மீட்டர் யந்திரத்தில் நிழல் நொடிக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் நகர்வதைக் கண்ணாலேயே காணலாம்.

ஆயினும் உருவத்தைப் பெருக்கிக்கொண்டே சென்றால் நுட்பமும் பெருகிக்கொண்டே செல்லாது. கதிரவன் வானத்தில் ஒரு புள்ளியன்று; அரைப்பாகை அகலமுள்ள வட்டம். அதனால் நிழலின் ஓரம் கத்தி முனைபோல் கூராக இராது. மங்கித் தேய்ந்தே முடியும். சுவர் பெரிதாகும்போது அம்மங்கலும் அகலும்.

ஐந்து ஊர்களில் ஒரு சோதனை

ஓரிடத்தில் கண்ட அளவை அப்படியே நம்ப ஜெய்சிங் விரும்பவில்லை. தில்லியில் பெற்ற முடிவுகளைச் சரிபார்ப்பதற்காக ஜெய்ப்பூர், உஜ்ஜயினி, காசி, மதுரா ஆகிய ஊர்களிலும் வானோக்கு நிலையங்களை அமைத்தார். உஜ்ஜயினி பழங்காலந்தொட்டு இந்திய வானியலார் தீர்க்கரேகைக் கணக்கைத் தொடங்கிய ஊர். காசியில் கங்கைக்கரையிலுள்ள மாளிகையின் மேல்தளமே நிலையம் ஆயிற்று. ஜெய்ப்பூர், 1727ஆம் ஆண்டில் ஜெய்சிங் நிறுவிய புதிய தலைநகரம். வித்யாதர் பட்டாச்சாரியா என்னும் அறிஞரின் துணையுடன் நேரான அகன்ற தெருக்களோடு அமைக்கப்பட்டது.

அறிவைத் தேடுவதில் அவர் மொழியையோ சமயத்தையோ எல்லையாகக் கொள்ளவில்லை. அவருடைய அவையில் வடமொழிப் பண்டிதரும், பாரசீகமும் அரபும் வல்ல அறிஞரும், ஐரோப்பியப் பாதிரிமாரும் இருந்தனர். பண்டிதர் ஜகந்நாதர் யூக்ளிடின் வடிவியல் நூலையும் தாலமியின் வானியல் நூலையும் அரபு வழியாக வடமொழியில் பெயர்த்தார்.

மேலைநாட்டு அட்டவணை

போர்ச்சுகல் நாட்டில் வானியல் வளர்ந்துள்ளது எனக் கேள்வியுற்ற ஜெய்சிங், மனுவேல் டி ஃபிகரேடோ என்னும் பாதிரியாரின் தலைமையில் அங்கு ஒரு குழுவை அனுப்பினார். குழு திரும்பியபோது பிரெஞ்சு வானியலார் லா ஈர் கணித்த அட்டவணைகள் ஜெய்சிங்கை அடைந்தன. அவற்றை அவர் புறக்கணிக்கவும் இல்லை. கண்ணை மூடி ஏற்கவும் இல்லை. தம் கருவிகளால் கண்ட வானத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார். திங்களின் இருப்பிடத்தில் அரைப்பாகை வேறுபாடு தென்பட்டது. அரைப்பாகை என்பது வானத்தில் முழுநிலவின் அகலம். அயல்நாட்டு நூலாயினும் அதற்கும் வானமே நடுவர் என்பது அவர் கொள்கை.

ஆண்டுகள் பல உழைத்துத் திரட்டிய முடிவுகள், பேரரசர் முகம்மது ஷாவின் பெயரால் பாரசீக மொழியில் அட்டவணை நூலாக வெளிவந்தன. இந்நூலின் பெயர் ஸீஜ்-இ முகம்மது ஷாகி. 1734ஆம் ஆண்டில் சந்திரநாகூரிலிருந்து பிரெஞ்சுப் பாதிரிமார் இருவரையும் ஜெய்ப்பூருக்கு வரவழைத்து ஆய்வைத் தொடர்ந்தார்.

அவர் காலத்திலேயே ஐரோப்பாவில் தொலைநோக்கி பொருத்திய அளவுக் கருவிகள் வளர்ந்துகொண்டிருந்தன. ஜெய்சிங்கிடமும் தொலைநோக்கி இருந்தது. ஆயினும் அவருடைய கற்கருவிகள் வெறுங்கண் நோக்குக்காகவே அமைந்தன. வருங்காலம் பெருங்கல்லை விட்டுச் சிறு கண்ணாடி வில்லையின் பக்கம் சென்றது.

மறைவும் எஞ்சியவையும்

1743ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 21ஆம் நாள் சவாய் ஜெய்சிங் மறைந்தார். அவருக்குப் பின் அளப்பவர் குறைந்தனர், கருவிகள் சிதைந்தன. மதுரா நிலையம் இன்று இல்லை. தில்லிக் கட்டடங்கள் பிற்காலத்தில் பழுதுபார்க்கப்பட்டன. அங்குள்ள மிசிர யந்திரத்தின் உருவமே 1982ஆம் ஆண்டு தில்லியில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியின் சின்னமாயிற்று. ஜெய்ப்பூர் நிலையம் 2010ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுள் இடம்பெற்றது. தில்லியில் இன்று சுற்றிலும் உயர்ந்த மாடிக் கட்டடங்கள் அடிவானத்தை மறைத்துள்ளன.

ஏற்றக்கோணத்தை அளக்கும் கலையோ நிற்கவில்லை. 1802ஆம் ஆண்டு சென்னையில் வில்லியம் லாம்டன் தொடங்கிய பெரும் நில அளவைப் பணியில், தியோடலைட் என்னும் கருவி மலையுச்சிகளையும் கோபுரங்களையும் நோக்கியது. அப்பணியின் தொடர்ச்சியாகவே, மலையில் ஏறாமல் தொலைவிலிருந்து கோணம் அளந்து எவரெஸ்டு சிகரத்தின் உயரம் கணிக்கப்பட்டது. இன்றும் சாலையோரத்தில் முக்காலியின்மேல் கருவி பொருத்தி நோக்கும் நில அளவையாளர் அக்கலையையே பயில்கின்றனர்.

அரசர் பலர் நிலத்தை அளந்து எல்லை வகுத்தனர். சவாய் ஜெய்சிங் வானை அளந்தார். தாம் அளந்ததையும் மீண்டும் அளந்து பார்த்தார்.

சொற்பொருள்

அட்டவணை – வரிசைப்படுத்திய கணக்குப் பட்டியல்
அடிவானம் – நிலமும் வானும் கூடுவதுபோல் தோன்றும் எல்லை
கூர்த்த மதி – நுண்ணறிவு
திங்கள் – நிலவு, மாதம்
பாகை – கோணத்தின் அளவு. முழுவட்டம் 360 பாகை
விளிம்பு – ஓரம்

பயிற்சி

அ. கோடிட்ட இடங்களை நிரப்புக.
1. சவாய் என்னும் பட்டத்தின் பொருள் ________.
2. தில்லி வானோக்கு நிலையம் உருவான ஆண்டு ________.
3. நேர் உச்சியில் உள்ள பொருளின் ஏற்றக்கோணம் ________ பாகை.

ஆ. பிரித்து எழுதுக.
1. நிழற்கடிகாரம் 2. ஏற்றக்கோணம் 3. மலையுச்சி

இ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. பித்தளைக் கருவிகளில் ஜெய்சிங் கண்ட குறைகள் யாவை?
2. இராம யந்திரம் இரண்டு கட்டடங்களாக அமைந்தது ஏன்?
3. டிசம்பர்த் திங்களில் தூணின் உச்சி நிழல் தரைக்கு இறங்காதது ஏன்?

ஈ. விரிவாக எழுதுக.
1. அயல்நாட்டு அட்டவணையை ஜெய்சிங் ஆராய்ந்த முறையிலிருந்து அறியத்தக்கது யாது?
2. உன் சொந்த ஊரிலும் தில்லியிலும் நண்பகல் நிழல் எவ்வாறு வேறுபடும்? பெற்றோரிடம் கேட்டறிந்து ஒரு பத்தி எழுதுக.

உ. செய்து அறிக.
பாகைமானியின் நேர்விளிம்பில் ஓர் உறிஞ்சுகுழலை ஒட்டுக. பாகைமானியின் மையத்தில் நூல் கட்டி, நூலின் முனையில் ஒரு சிறு கல்லைத் தொங்கவிடுக. குழல் வழியே பள்ளிக் கொடிக்கம்பத்தின் உச்சியை நோக்குக. நூல் காட்டும் அளவுக்கும் 90க்கும் உள்ள வேறுபாடே ஏற்றக்கோணம். அக்கோணம் 45 பாகை ஆகும் இடம்வரை சமதரையில் பின்னோக்கி நடந்து, கம்பத்திலிருந்து உள்ள தொலைவை அளக்க. அத்தொலைவோடு உன் கண் உயரத்தைக் கூட்டினால் கம்பத்தின் உயரம் கிடைக்கும். எச்சரிக்கை: குழல் வழியாகவோ வெறுங்கண்ணாலோ கதிரவனை ஒருபோதும் நோக்கலாகாது.